படகிலும் பம்ப் கொட்டகையிலும் மின்சார இணைப்புகளை உப்பரிப்பினின்று காக்கும் முறைகள்

கடலோரக் கிராமங்களில் மேட்டு நிலத்தில் தென்னையும் சவுக்கும் பயிர் செய்துகொண்டு, துறையில் ஒரு படகும் வைத்திருக்கும் குடும்பங்கள் பல உண்டு. முற்காலத்தில் இவர்களுடைய படகில் பாயும் துடுப்புமே இருந்தன. நிலத்தில் ஏற்றமும் கவலையும் இருந்தன. இக்காலத்திலோ படகில் இயந்திரத்தைக் கிளப்புவதற்கு ஒரு பேட்டரியும், இரவில் எரியும் விளக்குகளும், அடியில் தேங்கும் நீரை வெளியேற்றும் சிறிய பம்பும், இடத்தையும் திசையையும் காட்டும் கருவியும், கரையோடு பேசுவதற்கு வயர்லெஸ் கருவியும் அமைந்திருக்கின்றன. நிலத்திலும் கிணறுதோறும் மின்சார மோட்டார் வந்துவிட்டது. இறால் குட்டைகள் உள்ள இடங்களில் நீரைக் கலக்கிக் காற்றூட்டும் சக்கரங்கள் இரவு பகலாக மின்சாரத்தினாலேயே ஓடுகின்றன.

இவை யாவற்றிற்கும் பொதுவான பகை உப்பு. படகிலாயினும் கொட்டகையிலாயினும் மின்சாரம் தடைப்படும்போது மோட்டாரின்மீதோ, பேட்டரியின்மீதோ, விளக்கின்மீதோ குற்றம் சாட்டப்படுவது வழக்கம். ஆனால் ஆராய்ந்து பார்க்குங்கால் பெரும்பாலும் கருவி பழுதாகியிராது. கம்பியின் நடுப்பகுதியும் பழுதாகியிராது. கம்பியும் கம்பியும் சேருமிடம், அல்லது கம்பியும் கருவியும் சேருமிடமே அரிக்கப்பட்டிருக்கும். இணைப்பினுள் உப்பு நீர் புகாமல் முன்னதாகவே தடுப்பதொன்றே இதற்குச் சரியான பரிகாரம். புகுந்தபின் மேலே எதைப் பூசினும் பயன் மிகச் சொற்பம். அதன் காரணத்தையும், தடுக்கும் வழிகளையும் பண்ணைக்காரர்களும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் நலம்.

உப்பு நீரின் இயல்பு

கடல்நீர் ஒரு கிலோவில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. இதனால் கடல்நீர் நல்ல குடிநீரைக் காட்டிலும் ஏறத்தாழ 100 மடங்கு எளிதாக மின்சாரத்தைக் கடத்துகிறது. நல்ல தண்ணீர் ஒரு துளி பட்டால் அதிகக் கெடுதியின்றி உலர்ந்துவிடும் இணைப்பில், கடல்நீர் ஒரு துளி பட்டால் அத்துளியே ஒரு சிறு பேட்டரியைப் போல் வேலை செய்யத் தொடங்குகிறது.

நீர் உலர்ந்துவிட்டால் தீமை நின்றுவிடும் என்று எண்ணுதல் தவறு. ஐப்பசி அடைமழையில் அடுக்களையிலுள்ள உப்புச் சட்டி நீர் கோத்திருப்பதை எல்லோரும் பார்த்திருக்கலாம். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 அளவைத் தாண்டினால் சாதாரண உப்புத் தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கரையும். கடல்நீரில் சாதாரண உப்புடன் மக்னீசியம் குளோரைடு என்னும் உப்பும் கலந்திருக்கிறது. உப்பளங்களில் உப்பு விளைந்தபின் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரில் மிகுந்திருப்பது இதுவே. இவ்வுப்போ காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 33 அளவில் இருக்கும்போதே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடற்கரையில் காற்று அவ்வளவுக்குக் கீழே வறளுதல் அரிது. ஆகையால் ஒருமுறை கடல்நீர் பட்ட இணைப்பு, நல்ல தண்ணீரால் கழுவப்படும் வரையில், கோடையிலும் உண்மையில் ஈரமாகவே இருக்கிறது. கடல்நீர் நேரே படாத பம்ப் கொட்டகையிலும் காற்றில் மிதந்து வரும் உப்புத்துகள் படிந்து இதே விளைவை உண்டாக்குகிறது.

செம்பு, உப்பு, ஈரம், காற்றிலுள்ள பிராணவாயு ஆகிய நான்கும் கூடினால் களிம்பு பிறக்கிறது. புளி விட்டுத் துலக்காத செப்புக் குடத்தில் தோன்றும் பச்சைக் களிம்பின் இனமே கம்பி முனையில் தோன்றுவதும். குடத்தில் அது அழுக்கு மாத்திரம். கம்பியிலோ அது மின்சாரத்தின் வழியை அடைக்கும் தடை.

மேலும், நெகிழ்ச்சியான கம்பி பல மெல்லிய இழைகளால் முறுக்கப்பட்டிருக்கிறது. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல, இவ்விழைகளின் இடுக்குகள் முனையில் பட்ட உப்பு நீரை மேலுறைக்குள் வெகு தூரம் இழுத்துச் செல்கின்றன. வெளியே உறை புதிதுபோல் விளங்க, உள்ளே செம்பு கறுத்து இற்றுப் போயிருப்பது இதனாலேயே.

இரண்டு உலோகங்கள் சேருமிடம்

இரண்டு வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்பு நீரில் நனைந்தால், அவற்றுள் ஒன்று மற்றொன்றிற்காகத் தன்னை அழித்துக்கொள்ளும். மக்னீசியம், துத்தநாகம், அலுமினியம், இரும்பு, வெள்ளீயம், செம்பு, துருப்பிடியா எஃகு என்னும் இவ்வரிசையில் முன் நிற்பது அரிக்கப்பட, பின் நிற்பது பிழைக்கும். வரிசையில் எவ்வளவுக்கெவ்வளவு தூரம் இருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு அரிப்பும் விரைவாயிருக்கும்.

இவ்வுண்மை மின்சார விளக்கு தோன்றுவதற்கு முன்னமே கப்பற்காரர்களுக்கு அனுபவமாயிற்று. 1761-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கடற்படையைச் சேர்ந்த 'அலாரம்' என்னும் கப்பலின் அடிப்பாகம், மரத்தைத் துளைக்கும் புழுவினின்று காப்பதற்காகச் செப்புத் தகட்டால் போர்த்தப்பட்டது. சுமார் இரண்டாண்டு கழித்துப் பரிசோதித்தபோது, செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் பெரிதும் அரிக்கப்பட்டிருந்தன. ஆனால் ஆணிக்கும் தகட்டுக்கும் இடையே காகிதம் தங்கியிருந்த இடங்களில் ஆணிகள் நல்ல நிலையில் இருந்தன. இரு உலோகங்களுக்கும் நடுவே நீர் செல்லாத ஒரு தடுப்பு இருந்ததே அவற்றைக் காத்தது. பின்னர், 1824-ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி என்னும் ரசாயன அறிஞர், செப்புத் தகட்டோடு ஒரு சிறு துத்தநாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ சேர்த்துவிட்டால் அத்துண்டு அரிக்கப்பட்டுச் செம்பு காக்கப்படுவதை விளக்கினார். இன்றும் படகின் அடியில் துத்தநாகக் கட்டி பொருத்துவது இம்முறையைப் பற்றியே. ஆயினும் அக்கட்டி நீருக்குள் மூழ்கியிருக்கும் உலோகங்களை மாத்திரமே காக்கும். படகின் உள்ளேயுள்ள கம்பி இணைப்புகளுக்கு அதனால் எவ்விதப் பாதுகாப்பும் இல்லை.

கசியும் மின்சாரத்தால் வரும் அரிப்பு

மேற்கூறியவற்றிலும் கொடியது கசிவு மின்சாரத்தால் வரும் அரிப்பு. பேட்டரியின் நேர்முனையோடு சேர்ந்த கம்பியின் இணைப்பு ஈரத்தில் கிடந்தால், அங்கிருந்து மின்சாரம் உப்பு நீர் வழியே கசிந்து எதிர்முனையை நாடிச் செல்லும். செல்லும்போது நேர்முனையிலுள்ள செம்பையும் கரைத்துக்கொண்டு போகும். ஓர் ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் இவ்வாறு சென்றால் ஏறத்தாழ 1.2 கிராம் செம்பு கரையும். ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மாத்திரம் இடைவிடாமல் கசிவதாக வைத்துக்கொண்டாலும், ஓராண்டில் சுமார் 10 கிராம் செம்பு போய்விடும். கம்பியின் ஒரு மெல்லிய முனையில் அவ்வளவு செம்பு இருப்பதில்லை. படகின் அடியில் நீரிறைக்கும் பம்பின் நேர்முனை இணைப்பு மற்ற எல்லா இணைப்புகளுக்கும் முன்னதாக அறுந்து போவதற்கு இதுவே காரணம்.

இதனால் விளையும் கேடுகள்

களிம்பு பிடித்த இணைப்பு மின்சாரத்தைத் தடுக்கும். தடுக்கப்பட்ட மின்சாரம் அங்கே வெப்பமாக மாறும். படகு இயந்திரத்தைக் கிளப்பும்போது 100 ஆம்பியர் மின்சாரம் செல்வதாகக் கொள்வோம். பேட்டரி முனையில் நூற்றில் ஒரு பங்கு ஓம் தடை ஏற்பட்டிருந்தால், 12 வோல்ட்டில் ஒரு வோல்ட் அங்கேயே நஷ்டமாகும். 100 வாட் வெப்பமும் அவ்வொரு முனையிலேயே உண்டாகும். இயந்திரம் முனகி நின்றுவிடும். துறையில் இது வெறும் தொந்தரவு. நடுக்கடலில் காற்று மாறும் வேளையில் இது உயிர்ப் பிரச்சினை. விளக்கு அணைந்த படகைப் பெரிய கப்பல்கள் இரவில் காண இயலாது. நீரிறைக்கும் பம்ப் நின்ற படகு, சிறு கசிவினாலும் மூழ்கக்கூடும். சூடேறிய இணைப்பு டீசலும் வலையும் உள்ள இடத்தில் தீப்பற்றவும் ஏதுவாகும்.

நிலத்திலும் கேடு குறைந்ததன்று. மும்முனை மோட்டாரின் மூன்று கம்பிகளில் ஒன்றின் இணைப்பு அரித்து விட்டுப்போனால், மோட்டார் மற்ற இரண்டின் மீதே சுமையைத் தாங்கி அதிக மின்சாரத்தை இழுத்துச் சுருள் கருகிவிடும். இறால் குட்டையில் சக்கரத்தின் இணைப்புக் கசிந்தால், குட்டை நீரில் இறங்கும் வேலையாளுக்கு உயிராபத்து நேரும்.

பழுதின் அடையாளங்கள்

கீழ்க்கண்ட குறிகளுள் எது காணப்பட்டாலும் இணைப்பைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும்.

1. கம்பி முனையிலோ திருகிலோ பச்சை அல்லது வெண்மையான பொடி பூத்திருத்தல்.

2. விளக்கு மங்கலாக எரிதல்; கம்பியை அசைத்தால் பிரகாசமாதல்.

3. முனையருகில் கம்பியின் மேலுறை தடித்தோ, விறைத்தோ, நிறம் மாறியோ இருத்தல்.

4. பேட்டரி நன்றாயிருந்தும் இயந்திரம் மெதுவாகச் சுழலுதல்.

5. படகின் 12 வோல்ட் இணைப்பு, சிறிது நேரம் ஓடி நிறுத்தியபின் தொட்டால் சூடாயிருத்தல். கொட்டகையிலுள்ள வீட்டு மின்சார இணைப்புகளை இவ்வாறு தொட்டுப் பார்க்கலாகாது.

படகின் இணைப்பை அளந்தறிய எளிய முறை ஒன்று உண்டு. விளக்கையோ பம்பையோ ஓடவிட்டு, மின்னளவு கருவியின் இரு முனைகளையும் ஐயத்திற்குரிய இணைப்பின் இருபுறமும் வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல இணைப்பில் ஏறக்குறையச் சுன்னமே காட்டும். வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ காட்டினால் அவ்விணைப்பு கெட்டுவருகிறதென்று கொள்ளலாம்.

கம்பியைத் தேர்ந்தெடுத்தல்

பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு கைக்காதிருக்க உட்புறம் ஈயம் பூசுவது பழைய வழக்கம். அதே முறையில், ஒவ்வொரு செப்பு இழையின்மீதும் வெள்ளீயம் பூசிய கம்பிகள் கடற்படகுகளுக்கென்று செய்யப்படுகின்றன. இழையைச் சுரண்டினால் உள்ளே சிவப்பும், வெளியே வெள்ளி நிறமும் தோன்றும். விலை சற்று அதிகமாயினும், படகிற்கும் இறால் குட்டைக்கும் இக்கம்பியே ஏற்றது. ஒற்றைத் தடிக்கம்பி, படகின் அதிர்ச்சியால் முனையில் ஒடிந்துவிடும். ஆதலால் பல இழைக் கம்பியையே உபயோகித்தல் வேண்டும்.

கம்பியின் பருமனிலும் சிக்கனம் பார்க்கலாகாது. பேட்டரியிலிருந்து விளக்குக்குப் போகவும் திரும்பவும் ஆக 10 மீட்டர் கம்பியில் 5 ஆம்பியர் செல்வதாகக் கொண்டால், 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் நஷ்டம் சுமார் 0.35 வோல்ட், 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் சுமார் 0.58 வோல்ட். வழிகாட்டும் விளக்குகள் முதலிய முக்கியமானவற்றிற்கு நூற்றுக்கு 3 பங்குக்கு மேல் நஷ்டம் கூடாதென்பது அமெரிக்கப் படகுக் கழகம் வகுத்துள்ள விதி. 12 வோல்ட்டில் இது 0.36 வோல்ட் ஆகும். எனவே இவ்வுதாரணத்தில் முதற்கம்பியே தகும்.

இணைப்புச் செய்யும் முறை

இரண்டு கம்பிகளைக் கையால் முறுக்கி, மேலே ஒட்டும் டேப்பைச் சுற்றிவிடுவதே எங்கும் காணப்படும் வழக்கம். கடலோரத்தில் இதைக் காட்டிலும் கெடுதியான முறை இல்லை. வெயிலில் டேப்பின் பசை இளகிச் சுற்று தளர்கிறது. உள்ளே புகுந்த உப்பு நீரை அதே டேப் உலராமல் காக்கிறது. ஈயப்பற்று வைத்து நிறுத்திவிடுவதும் போதாது. பற்று முடியுமிடத்தில் கம்பி விறைத்து, படகின் அதிர்ச்சியால் அங்கேயே ஒடியும். பற்று வைக்க உபயோகிக்கும் திராவகம் எஞ்சியிருந்தால் அதுவும் செம்பை அரிக்கும். ஆகவே பின்வரும் முறையைக் கையாளுதல் நலம்.

முதலாவது: பேட்டரியின் எதிர்முனையை முன்னும் நேர்முனையைப் பின்னும் கழற்றிவிட வேண்டும். கொட்டகையாயின் பிரதான சுவிட்சை அணைத்து, பியூஸைக் கழற்றி, வேலை செய்பவர் தம்மிடமே வைத்துக்கொள்ளல் வேண்டும்.

இரண்டாவது: கம்பியின் முனையை வெட்டிப் பார்த்து, செம்பு பளபளப்பாக இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். கறுத்திருந்தால், பளபளப்பான செம்பு தோன்றும் வரையில் சிறிது சிறிதாக வெட்டிக்கொண்டே போக வேண்டும். கறுத்த இழையின்மீது எவ்வளவு நன்றாக இணைப்புச் செய்தாலும் அது நிலையாது. இதற்காகவே முதன்முதல் கம்பி அமைக்கும்போது ஒவ்வொரு முனையிலும் ஒரு சாண் நீளம் அதிகமாக விட்டு வைப்பது புத்திசாலித்தனம்.

மூன்றாவது: சூட்டினால் சுருங்கும் உறைக்குழாயை இப்போதே கம்பியில் கோத்துக்கொள்ள வேண்டும். இணைப்பு முடிந்தபின் இது நினைவுக்கு வந்தால் மறுபடியும் எல்லாவற்றையும் பிரிக்க நேரும். உட்புறத்தில் பசை தடவிய உறையையே வாங்க வேண்டும். பசையில்லாத உறை தூசியைத் தடுக்குமேயன்றி நீரைத் தடுக்காது.

நான்காவது: இழைகளை வெட்டாமல் மேலுறையை மாத்திரம் நீக்கி, கம்பியின் பருமனுக்குச் சரியான, வெள்ளீயம் பூசிய செப்பு லக்கினுள் செருகி, அதற்கென்றுள்ள அழுத்தும் குறட்டினால் இறுக வேண்டும். சாதாரணக் குறட்டால் நசுக்குதலும் சுத்தியால் தட்டுதலும் கூடாது. பிறகு கையால் பலமாக இழுத்துப் பார்க்க வேண்டும். கழன்று வருவதாயின் அது கரையிலேயே வரட்டும். திருகு தளர்ந்தாலும் விழாதபடி, பிளவுபட்ட முனையுள்ள லக்கை விட்டு, வளைய முனையுள்ளதையே கொள்ள வேண்டும்.

ஐந்தாவது: உறையை இணைப்பின் இருபுறமும் ஓர் அங்குலம் மூடும்படி நகர்த்தி, சூடான காற்றினால் சுருக்க வேண்டும். இரண்டு ஓரங்களிலும் பசை சிறிது பிதுங்கி வந்தால் நீர் புகும் வழி அடைபட்டதென்று அறியலாம். டீசல், பெட்ரோல், பேட்டரி ஆகியவற்றின் அருகே இதற்காகத் தீ கொளுத்தலாகாது.

ஆறாவது: லக்கைத் திருகில் மாட்டும்போது, செம்பு செம்பையே நேராகத் தொடும்படி வைத்து, துருப்பிடியா எஃகுத் திருகும் வட்டத்தகடும் மேலே அழுத்துவதற்கு மாத்திரம் இருக்கும்படி செய்ய வேண்டும். எஃகு வட்டத்தகட்டை நடுவே வைத்தால் மின்சாரம் அதன் வழியே செல்ல நேர்ந்து சூடுண்டாகும். ஒரே திருகில் நான்கு லக்குகளுக்கு மேல் அடுக்கலாகாது.

ஏழாவது: இறுக்கி முடித்தபின், இணைப்பின் மேல் முழுவதும் வாசலைனையோ மின்சார இணைப்புகளுக்கான கிரீஸையோ தடவ வேண்டும். இது உப்பும் ஈரமும் அணுகாமல் தடுக்கும். துவாரங்களை அடைக்கச் சிலர் உபயோகிக்கும் சிலிகான் பசைகளுள், காடியின் புளிப்பு நாற்றம் வீசுவது செம்பை அரிக்கும். அவ்வகையை விலக்க வேண்டும்.

கம்பி செல்லும் வழி

எவ்வளவு நன்றாகச் செய்த இணைப்பாயினும், நீரில் கிடக்க விடலாகாது. படகின் அடியில் நீர் தேங்கும் மட்டத்திற்கு மேலேயே எல்லா இணைப்புகளும் இருத்தல் வேண்டும். அடியிலுள்ள பம்பின் கம்பியை இடையில் ஒட்டுப்போடாமல் மேலே கொண்டுவந்து, உயரமான இடத்தில் இணைக்க வேண்டும். கம்பி மேலிருந்து பெட்டிக்குள் நுழையுமாயின், வழிந்துவரும் நீரும் அதனோடு நுழையும். ஆகவே கம்பியைப் பெட்டிக்குக் கீழே சிறிது தாழவிட்டு, வளைத்து, பெட்டியின் அடிப்புறமாக உள்ளே செலுத்த வேண்டும். நீர் வளைவின் அடியில் சொட்டிப் போய்விடும். ஓட்டு வீட்டில் தாழ்வாரத்து விளிம்பு செய்யும் வேலையை இவ்வளைவு செய்கிறது. பெட்டியின் அடியில் ஒரு சிறு துவாரமும் இருந்தால், உள்ளே பனித்த ஈரம் வெளியேறும். முழு நீளத்திலும் ஒன்றரை அடிக்கு ஒரு பிடியாகக் கம்பியைத் தாங்க வேண்டும். தொங்கும் கம்பி ஆடியாடி முனையில் ஒடியும்.

பேட்டரியின் நேர்முனையிலிருந்து புறப்படும் கம்பியில், கூடியவரை ஏழு அங்குல தூரத்துக்குள் பியூஸ் அமைக்க வேண்டும். உப்பரிப்பால் எங்கேனும் கம்பி ஒன்றையொன்று தொட்டாலும் இதனால் தீ தடுக்கப்படும். பேட்டரி முனைகளில் பூக்கும் வெண்பொடியை, ஆப்பச் சோடா கரைத்த நீரால் கழுவி, பின் நல்ல தண்ணீரால் கழுவி, உலர்த்தி, இறுக்கி, வாசலைன் தடவ வேண்டும். கழுவும்போது பேட்டரியின் மூடிகள் மூடியே இருத்தல் அவசியம். மின்னேற்றும்போது பேட்டரியிலிருந்து எரியும் வாயு வருமாதலால், காற்றோட்டமின்றி அடைத்து வைக்கலாகாது.

பம்ப் கொட்டகையிலும் இறால் குட்டையிலும் கவனிக்க வேண்டியவை

மேற்கூறிய விதிகள் யாவும் கொட்டகைக்கும் பொருந்தும். ஆயினும் அங்குள்ள மின்சாரம் உயிரைக் கொல்லும் அளவினதாதலின், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே வேலை செய்விக்க வேண்டும். அவர் செய்வது சரிதானா என்று பார்த்துக்கொள்வதே உரிமையாளரின் கடமை. விசேஷமாகக் கவனிக்க வேண்டியவை நான்கு.

ஒன்று: வெளியிலிருந்து வரும் கம்பி அலுமினியமாகவும் உள்ளே செல்லும் கம்பி செம்பாகவும் இருப்பது சாதாரணம். இரண்டையும் நேராக முறுக்கினால், மேலே கூறிய உலோக வரிசையின்படி அலுமினியம் விரைவில் அரிக்கப்படும். ஒரு முனை அலுமினியமும் மறுமுனை செம்புமாகச் செய்து விற்கப்படும் லக்கைக் கொண்டே இவற்றை இணைக்க வேண்டும்.

இரண்டு: சுவிட்சுப் பெட்டிகள் கடற்காற்று நேரே வீசும் சுவரில் இல்லாமல், எதிர்ப்புறச் சுவரில், தரையினின்று போதிய உயரத்தில் இருத்தல் வேண்டும். இரும்புப் பெட்டி துருப்பிடித்துத் துளையாகும். பிளாஸ்டிக் பெட்டி மேலானது.

மூன்று: நிலத்தில் புதைக்கும் எர்த்துக் கம்பியின் இணைப்பே கடலோரத்தில் முதலில் அரித்துப்போகும். அது அறுந்துவிட்டதென்பதற்கு வெளியே எவ்வித அடையாளமும் தெரியாது. மோட்டார் வழக்கம்போல் ஓடும். கசிவு ஏற்படும் நாளில்தான் அதன் இன்மை புலப்படும். ஆகையால் ஆண்டிற்கொருமுறை அவ்விணைப்பைத் திறந்து பார்த்துச் சுத்தம் செய்து, அளக்கும்படி மின்பணியாளரைக் கேட்க வேண்டும்.

நான்கு: 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை அறுத்துவிடும் கசிவுத்தடுப்புச் சுவிட்சு, மனிதர் நீரில் இறங்கும் இடங்களுக்கு இன்றியமையாதது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதத்திற்கொருமுறை அழுத்தி, உடனே அணைகிறதா என்று பார்க்க வேண்டும். இச்சுவிட்சு இருந்தபோதிலும், குட்டையில் இறங்குமுன் சக்கரங்களின் மின்சாரத்தை நிறுத்துவதைக் கட்டாயமாகக் கொள்ள வேண்டும். இச்சுவிட்சு அடிக்கடி தானாக அணைந்தால், அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு நேராக இணைப்பது சிலருடைய வழக்கம். கசிவு இருக்கிறதென்று சொல்லும் காவலாளியை வெளியேற்றுவதற்கு இது ஒப்பாகும்.

கடல்நீர் புகுந்தபின் செய்யத்தக்கவை

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி வந்த ஆழிப்பேரலையின்போது கடல்நீர் கரையோர நிலங்களில் வெகு தூரம் புகுந்தது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரைகடந்த கஜாப் புயல், தென்னந்தோப்புகளோடு மின்கம்பங்களையும் பெருவாரியாகச் சாய்த்தது. இத்தகைய காலங்களில் நீர் வடிந்தவுடன் மோட்டாரை ஓட்டிப் பார்ப்பது பெரும் பிழை.

முதலில் மின்சாரம் முற்றிலும் துண்டிக்கப்பட்டிருக்கிறதா என்று உறுதி செய்தல் வேண்டும். பின்னர் மோட்டாரையும் இணைப்புகளையும் பிரித்து, உப்பு உலர்ந்து இறுகுமுன்னரே நல்ல தண்ணீரால் பலமுறை கழுவ வேண்டும். இவ்விஷயத்தில் தாமதமே பெரிய தீங்கு. கழுவாமல் வெயிலில் வைத்து உலர்த்தினால் உப்பு உள்ளேயே தங்கிவிடும். கழுவி நன்கு உலர்த்தியபின் மோட்டாரின் சுருளை மெக்கர் என்னும் கருவியால் மின்பணியாளர் சோதித்து, ஒரு மெகா ஓமுக்குக் குறையாமல் இருந்தாலன்றி மின்சாரம் கொடுக்கலாகாது. மூழ்கிய சுவிட்சுகளையும், பியூஸ் பெட்டிகளையும், டேப் சுற்றிய இணைப்புகளையும் கழுவிப் பயன்படுத்துவதினும் அகற்றிப் புதியன வைப்பதே பத்திரமானது. மூழ்கிய கம்பிகளின் முனைகளை வெட்டிப் பார்த்து, கறுத்திருந்தால் கம்பியையே மாற்ற வேண்டும்.

செப்புக் குடத்தைத் துலக்குவதுபோல் களிம்பேறிய கம்பியைப் புளியாலோ எலுமிச்சைச் சாற்றாலோ துலக்குதல் கூடாது. குடத்தைக் கழுவிவிடலாம், இழைகளின் இடுக்கில் புகுந்த புளிப்பைக் கழுவ முடியாது. அது உள்ளிருந்து அரித்துக்கொண்டேயிருக்கும்.

ஆண்டு முறை

கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாதென்று ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விதிக்கப்பட்டுள்ளன. படகு கரையில் நிற்கும் இக்காலமே எல்லா இணைப்புகளையும் ஒவ்வொன்றாகப் பரிசோதித்துப் புதுப்பிக்க ஏற்றது. கொட்டகை இணைப்புகளை ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசியில் ஒருமுறையும், மழை நின்றபின் தை மாதத்தில் ஒருமுறையும் பார்த்தல் நன்று. ஒவ்வொரு தடவை கடலினின்று திரும்பியதும் சுவிட்சுப் பெட்டியின் வெளிப்புறத்தையும் விளக்குகளையும் நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடைத்துவிடுவது சில நிமிஷ வேலையே.

கிராம அதிகாரிகளும் இவ்விஷயத்தில் பெரிதும் உதவலாம். ஊர்க் குடிநீர் மோட்டார், தெருவிளக்கு ஆகியவற்றின் இணைப்புகளும் இதே உப்புக்காற்றில்தான் நிற்கின்றன. அவற்றைச் சோதித்த தேதியை ஒரு புத்தகத்தில் குறித்து வைத்தலும், துருப்பிடித்த கம்பத்தையும் தொங்கும் கம்பியையும் மின்வாரியத்திற்கு உடனே எழுத்து மூலம் தெரிவித்தலும் அவர்களாலாகும். அழுத்தும் குறடும் சூடான காற்று வீசும் கருவியும் ஒவ்வொருவரும் வாங்க வேண்டியதில்லை. கூட்டுறவுச் சங்கமோ மீனவர் சங்கமோ ஒரு தொகுதி வாங்கி வைத்தால் ஊர் முழுவதற்கும் போதும்.

ஓர் இணைப்பை மேற்கூறியபடி செய்ய ஒரு லக்கும், ஒரு துண்டு உறையும், கால் மணி நேரமும் செலவாகும். அதைச் செய்யாமல் விட்டதற்கு விலையாகக் கருகிய மோட்டாரையும், விளக்கின்றி இரவில் அலைந்த படகையும், சில சமயம் ஓர் உயிரையும் கொடுக்க நேர்கிறது. உப்பு ஓய்வெடுப்பதில்லை. ஆதலால் அது உள்ளே நுழையுமுன் வாயிலை அடைப்பதே கடலோரத்து உழவர்க்கும் படகுடையோர்க்கும் தக்கதாகும்.